ஆளுக்கொரு வாசல்: வடக்கனந்தல் பண்ணை வீட்டில் ஓர் இரவு

ஆனி மாதக் கடைசி வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. கல்வராயன் மலையில் அருவி பார்க்கலாம் என்று கிளம்பினேன். இந்தப் பதிவில் அருவி கொஞ்சம்தான் வரும். தங்கிய வீட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், அதுவும் கோபமாக. பழைய கட்டடங்களைச் சோதித்து நிற்குமா விழுமா என்று சொல்வது என் வேலை. விடுமுறையிலும் அது என்னை விடவில்லை.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறினேன். பதினொன்றரைக்குக் கள்ளக்குறிச்சி. வடக்கனந்தல் தாண்டி வயல் நடுவே ‘பாரம்பரியப் பண்ணை வீடு’ என்று இணையத்தில் பார்த்து அறை போட்டிருந்தேன். ஓர் இரவுக்கு 2,800 ரூபாய். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு 400 கொடுத்தேன். பேரம் பேசினால் 350-க்கு வருவார்கள். எனக்குப் பொறுமை இல்லை.

போகும் முன் டார்ச் வாங்க ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றேன். எங்கே தங்கல் என்று கடைக்கார பாய் கேட்டார். சொன்னேன். பாய் சிரித்துவிட்டார்.

“அந்த வூடா? இப்ப வாசல் எந்தப் பக்கம் வச்சிக்கினு இருக்காங்க?”

அவரைப் பெற்ற அத்தாதான் அந்த வீட்டின் இரண்டாவது உரிமையாளர். முதலில் கட்டியவர் நிலக்காரர். கிழக்குச் சுவரில் நட்டநடுவே வாசல் வைத்தார். கிணறு வற்றி, நிலம் போய், கடைசியில் வீட்டையும் விற்றார். பாயின் அத்தா மலைப்புளிக்கும் கடுக்காய்க்கும் கிடங்காக வாங்கினார்.

“எங்களுக்கு வாஸ்து கீஸ்து கெடையாதுங்க. வண்டி நேரா வந்து நிக்கணும்னு தெக்கால ஒடச்சி அகலமா வச்சாரு. ஏவாரம் கம்மியாச்சி, எலவனாசூர்கோட்டை கரும்புக்காரரு ஒருத்தருக்குக் குடுத்துட்டாரு. அவரு வந்த மொத வேல, துலுக்கன் வச்ச வாசலு ஆவாதுன்னு ரெண்டையும் அடச்சிட்டு வடக்கால ஒண்ணு ஒடச்சாரு. அவருக்கு மட்டும் ஆச்சா இன்னா? ஆலைக்காரன் பணம் தராம, அவரும் வித்துட்டுப் பூட்டாரு.”

கேட்கும்போது எனக்கும் சிரிப்புதான் வந்தது. வீட்டைப் பார்த்ததும் போய்விட்டது.

மண்ணும் செங்கல்லும் கலந்த சுவர், இரண்டடி கனம். முதலில் கட்டியவன் வேலை தெரிந்தவன். பின்னால் வந்தவர்கள்தான் கொலைகாரர்கள். அடைத்த வாசல்களைப் பழைய செங்கல்லோடு கோத்துக் கட்டாமல் ஹாலோ பிளாக்கைச் செருகிப் பூசியிருக்கிறார்கள். விரலால் தட்டினால் டொக்கு டொக்கென்று காலிச் சத்தம். மேலே விட்டம் தொங்கியிருக்கிறது. அது போதாதென்று, விருந்தினர் குளியலறைக்காக வடகிழக்கு மூலையில் கூரைக்கு மேல் ஆயிரம் லிட்டர் தொட்டி. அதே மூலையில், அந்தத் தொட்டிக்கு நேர்கீழே, ஒரு மேஸ்திரி கடப்பாறையோடு நின்றிருந்தார். பக்கத்தில் புத்தம் புதுத் தேக்கு நிலை படுத்திருந்தது. நான்காவது உரிமையாளர் திருக்கோவிலூரில் மனை வியாபாரம் செய்பவர். அவருக்கு ஈசானிய மூலையில் வாசல் வேண்டுமாம்.

“இங்க ஒடச்சா கூரை உக்காந்துடும், தெரியுதா?” என்றேன்.

“தெரியுது சார். நான் மாட்டன்னா வேற ஆளு வந்து ஒடைப்பான். ஆடி பொறக்கறதுக்குள்ள நிலை நிக்கணுமாம். நாளைக்கிக் காலைல நல்ல நேரம்.”

அந்தச் சுவருக்குப் பின்னால் ஓர் அறை. சமையல் செய்யும் செல்வி அக்கா, கணவர், இரண்டு பெண் குழந்தைகள் என்று நான்கு பேர் படுக்கிற இடம். மேலே விரிசலில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

உரிமையாளருக்குப் போன் போட்டேன். என் வேலையைச் சொல்லி, விட்டம், தொட்டி, சுவர் எல்லாவற்றையும் விளக்கினேன்.

“தம்பி, நீ ரூமுக்குத்தான பணம் கட்டுன? செவுத்துக்கு இல்லியே. இத்தினி வருசமா நிக்குது, உனக்காக உழுந்துடுமா?” வைத்துவிட்டார்.

செல்வி அக்கா டீ கொண்டு வந்தார். “வுடு சார். மழ பேஞ்சா மண்ணு உதுரும், பாய கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குவோம். ரொம்பப் பேசினா எங்களத்தான் காலி பண்ணச் சொல்லுவாரு.”

பாயைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்களாம். டீயைக் கீழே வைத்தேன். திரும்பப் போன் செய்தேன்.

“சார், கடைசியா ஒண்ணு. ஈசானியத்துல பாரம் ஏறியிருக்கு. அது மேல கடப்பாறை பட்டா வீட்டு எஜமானுக்கு ஆகாது.”

மறுபக்கம் குரல் இறங்கி வந்தது. “நீங்க… வாஸ்து பாப்பீங்களா?”

“பரம்பரையா.”

“அய்யா, மொதல்லயே சொல்லக் கூடாதா!”

நான்கு வருடப் படிப்புக்குத் ‘தம்பி’. ஒரு பொய்க்கு ‘அய்யா’. பல்லைக் கடித்துக்கொண்டு பரிகாரம் சொன்னேன். தொட்டியை இன்றே காலி செய்து இறக்க வேண்டும். விட்டத்துக்கு அடியில் நான்கு இரும்பு ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். அடைத்த பழைய வாசல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, செங்கல்லைக் கோத்துக் கட்ட வேண்டும். இருக்கிற வாசலே போதும். அதுவரை மூலை அறையில் யாரும் படுக்கக் கூடாது. குடும்பமாக வாழ்பவர்கள் தென்மேற்கில் இருக்கும் கன்னி மூலை அறையில் ஒரு மண்டலம் படுக்க வேண்டும்.

“அது ஏசி ரூமாச்சே அய்யா.”

“ஏசிய அணைக்கணும்னு சாஸ்திரத்துல இல்ல.”

மேஸ்திரி கடப்பாறையைக் கீழே போட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜாக்கி எடுக்கப் போனார். மாலைக்குள் தொட்டி இறங்கியது. காலையில் செல்வி அக்கா குழந்தைகளோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். “ஜாஸ்தி குளிருது சார், இத்த எப்பிடிக் கம்மி பண்றது?” ரிமோட்டைக் காட்டிக் கொடுத்தேன்.

பிறகு வெள்ளிமலைக்குப் பேருந்து ஏறினேன். அருவியில் தண்ணீர் குறைவு. போவதென்றால் ஐப்பசிக்கு மேல் போங்கள். மலையில் போன் சிக்னலை நம்பாதீர்கள், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் தங்குவதாக இருந்தால் முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள். சுவரில் கதவு அளவுக்குப் பூச்சு நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், தட்டிப் பாருங்கள். உரிமையாளரிடம் சொல்லும்போது நான் முதலில் சொன்ன விதமாகச் சொல்லாதீர்கள், பயன் இல்லை.

அந்த உரிமையாளர் நேற்றுக் கூப்பிட்டார். திருக்கோவிலூரில் ஆற்றங்கரைப் பக்கம் இன்னொரு பழைய வீடு வாங்கியிருக்கிறாராம், எந்தப் பக்கம் உடைக்கலாம் என்று நான் வந்து பார்க்க வேண்டுமாம். கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன்.

பின்கட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அதுவரை ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது, சாஸ்திரம் என்று சொல்லியிருக்கிறேன்.