வரவேற்பறை அக்காவும் மூன்று மியூசியங்களும்

எந்த மியூசியத்துக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், வரவேற்பறை அக்கா கவுன்ட்டருக்கு மேல் எக்கி முதலில் அவர்களுடைய செருப்பைத்தான் பார்ப்பார். பிறகு, "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்பார். எந்த மாதிரி ஓவியம் பிடிக்கும் என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சின்ன ஹோட்டலில் பதினோரு வருடமாக வரவேற்பறை அவர் பொறுப்பு. ஐம்பதைத் தொட்டிருக்கும் வயது. உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'மியூசியம் அக்கா'. நான்கு நாள் தங்கப் போன நானும் இரண்டாம் நாளே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

ஊரில் ஓவிய மியூசியங்கள் மூன்று. ஆற்றங்கரையில் இருப்பது மிகப் பெரியது. "அங்க முதல்ல கால் தோத்துப்போகும், அப்புறம் கண்ணு." புதியது முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். "அதுக்குத் தனியாப் போகணும். ஜோடியாப் போனா, இதெல்லாம் ஒரு படமான்னு சண்டைதான்." மூன்றாவது, பழைய வீடு ஒன்றில் ஒன்பதே அறைகள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரையும் பெரியதற்கே அனுப்பியிருக்கிறார். ஒருநாள் ஒருவர் திரும்பி வந்து சாவியை வாங்கிக்கொண்டே, "எல்லாத்தையும் பார்த்தேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றாராம்.

"சுருக்குன்னு இருந்துச்சு. நானே போகாத இடத்துக்கு ஊரையெல்லாம் அனுப்பிட்டு இருந்திருக்கேன்."

அன்றிலிருந்து வார விடுமுறைதோறும் ஏதாவது ஒரு மியூசியம். "லீவு நாள்லயும் டியூட்டியா?" என்று கணவர் சலித்துக்கொள்வாராம். எந்த வாசலில் படிக்கட்டு இல்லை, எந்தக் கூடத்தில் பெஞ்சு உண்டு, எந்தக் காவலர் சிடுமூஞ்சி, எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி.

மூன்றாம் நாள் காலை ஒரு வயதான தம்பதி வந்தார்கள். மனைவி சோபாவின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். கணவர் ஒரு பட்டியலை நீட்டினார்.

"மூணையும் இன்னிக்கே முடிக்கணும். நாளைக்கு ரயில்." குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு ஒரு கண்ணு போயிடுச்சு. இன்னொண்ணுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். எப்படி ஆகும்னு டாக்டராலயே சொல்ல முடியல. அதுக்குள்ள எல்லாத்தையும் காட்டிடணும்."

அக்கா நேரே அந்த அம்மாளிடம் போனார். "இங்கேருந்து உங்களுக்கு என்னம்மா தெரியுது?"

"இவர் சட்டை தெரியுது, முகம் தெரியல. மஞ்சள்னா பளிச்சுன்னு தெரியும்."

அக்கா பழைய வீட்டு மியூசியத்துக்கு போன் செய்தார். அவர் மனதில் வைத்திருந்த அறை, கூரை ஒழுகுவதால் மூடியிருந்தது. போனை வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"சார், பெரியதுக்கே போங்க. ஆனா பின்வாசல் வழியா. ரெண்டாவது கூடத்துல மஞ்சள் உடுப்பு போட்ட ஒரு பொம்பளை, ஆளுயரப் படம். எதிர்லயே பெஞ்சு. அதை மட்டும் பார்த்துட்டு வந்துடுங்க."

"இவ்வளவு தூரம் வந்து ஒரே ஒரு படமா?" அவர் குரல் உயர்ந்தது.

"மூணு இடத்துக்கும் இழுத்துக்கிட்டு ஓடினா, அம்மா பார்க்கறது உங்க முதுகை மட்டும்தான் சார்."

சோபாவிலிருந்து சிரிப்பு வந்தது. அவர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அன்று முழுக்க அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தார். எனக்கு வேறு யாருடைய அறைச் சாவியையோ எடுத்துக் கொடுத்தார். "தப்பா அனுப்பிட்டேனோ?" என்று என்னிடமே இரண்டு முறை கேட்டார்.

மாலை ஆறு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அந்த அம்மாள் கணவரின் கையை விட்டுவிட்டுக் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இவர்கூட வாயைத் திறக்கல. ஆமா, அவளுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு ஜன்னல் இருக்கே, அதுல ஒரு துளி மஞ்சள் இருக்கு, பார்த்திருக்கீங்களா? வெளியில யாரோ விளக்கு எடுத்துட்டு வர்ற மாதிரி."

"நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். இருக்கு" என்றார் கணவர்.

அந்தப் படத்தின் முன்னால் அக்கா ஐம்பது முறையாவது நின்றிருப்பார்.

"இல்லம்மா, நான் பார்க்கல" என்றார்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கவுன்ட்டரைச் சுற்றி வெளியே வந்தார். அந்த அம்மாளைச் சோபாவில் உட்காரவைத்து, தானும் ஒட்டி உட்கார்ந்தார். தாளில் அந்த ஜன்னல் மாதிரி பெரிதாக ஒரு கட்டம் போட்டு, பென்சிலை அவர் விரல்களுக்குள் வைத்தார்.

"எந்த இடத்துலன்னு காட்டுங்க."