மாஸ்டர் முதுகைக் காட்டிய நாள்

ஒட்டிய தோலைப் பிரிக்கும்போது 'பர்ர்' என்று ஒரு சத்தம் வரும். ஆம்பூரில் ஷூ ஃபேக்டரியில் சேர்ந்த முதல் வாரம் முழுக்க அந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன். பிரித்ததெல்லாம் நான் ஒட்டியது.

எண்பதுகளின் தொடக்கம். பெண்களை அப்போதுதான் டேபிள் வேலைக்கு எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஷூவின் முன்துண்டோடு இரண்டு பக்கத் துண்டுகளைச் சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டும். காலின் வெளிப்பக்கம் வருவது குட்டை, உள்பக்கம் வருவது நெட்டை. இடது காலுக்கு ஒரு மாதிரி, வலது காலுக்கு அப்படியே மாறும். அவ்வளவுதான் வேலை. அதுதான் எனக்கு வரவில்லை.

சொல்லிக்கொடுத்தவர் இஸ்மாயில் மாஸ்டர். வாணியம்பாடிக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். மெட்ராஸிலிருந்து வந்த புது மேனேஜர் ஒரு பயிற்சி முறையை எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். செய்து காட்டு, காரணம் சொல், தொழிலாளி வாயால் சொல்ல வை, பிறகு செய்ய விடு. கடைசி வரி சிவப்பில்: 'தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் நீ கற்றுத்தரவில்லை.' அதைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டர் முகம் வாடிப்போகும்.

“குட்டை இந்தப் பக்கம், நெட்டை அந்தப் பக்கம். சொல்லும்மா.”

சொன்னேன்.

“ஏன்?”

“வெளிப்பக்கக் கணுக்கால் கொஞ்சம் தாழ இருக்கும் மாஸ்டர். ஒசரமா இருந்தா இடிக்கும்.”

“கரெக்டா சொல்றே. அப்புறம் ஏன் மாத்தி மாத்தி ஒட்றே?”

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. மேஜையில் தட்டையாகக் கிடக்கும் தோலில் காலின் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது? மாஸ்டர் கை போன பக்கம் என் கையும் போனது. ஒரு காலைத் திருத்தினால் மறு கால் தப்பாகும். எனக்கு மூளை குழம்பிவிட்டதோ என்றே பயந்தேன்.

“சனிக்கிழமைக்குள்ள சரியா வரலன்னா அனுப்பிடுங்க மாஸ்டர்” என்றார் மேனேஜர், நான் அங்கே நிற்பதே தெரியாத மாதிரி. அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப் அப்போது மூடிக் கிடந்தது. வீட்டில் சம்பளம் என்று நம்பியிருந்தது என்னுடையதை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை எங்கள் டேபிள் மேலிருந்த டியூப் லைட் போய்விட்டது. ஜன்னலை ஒட்டியிருந்த நீள பெஞ்சுக்குப் போனோம். அந்தக் கோடியில் மாஸ்டர், இந்தக் கோடியில் நான். அன்று ஒட்டியது எல்லாமே சரி.

“லைட்டுதான் பிரச்னை” என்று மேனேஜர் உடனே புது டியூப் மாட்ட வைத்தார்.

சனிக்கிழமை, புது வெளிச்சத்தில், பழைய டேபிளில், முதல் ஜோடியே தப்பு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையைத் தூக்கினால் எதிரே மாஸ்டர். அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் பெஞ்சில் இரண்டு பேரும் ஒரே பக்கமாக ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். இங்கே எதிரும் புதிருமாக. அவருடைய வலது எனக்கு இடது.

அவர் எதிரே நின்றதற்குக் காரணம் எங்கள் ஊர் மரியாதை. வயசுப்பெண் பக்கத்தில் ஒட்டி நின்று எந்த மாஸ்டரும் வேலை காட்டமாட்டார்.

“மாஸ்டர், இந்தாண்ட என் பக்கத்துல வந்து நின்னு காட்டுங்களேன்.”

“இன்னாம்மா நீ, நாலு பேர் பாக்கறாங்க” என்று பதறினார். நான் விஷயத்தைச் சொன்னேன். தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, ஸ்டூலைத் திருப்பி எனக்கு முதுகைக் காட்டி, தனக்குப் பின்னாலிருந்த டேபிளைப் பார்த்து உட்கார்ந்தார்.

“கொஞ்சம் தள்ளி நின்னு, தோளுக்கு மேலால என் கையப் பாரு.”

பார்த்தேன். திரும்பி வந்து ஒட்டினேன். இடது சரி. வலது சரி.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். “என்ன மாஸ்டர், அந்தப் பொண்ணுக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்க? கோவமா?”

“இல்ல சார்,” என்றார் மாஸ்டர். “இப்பத்தான் சொல்லிக் குடுக்கறேன்.”

மேனேஜர் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் போய்விட்டார். திங்கட்கிழமையும் நான் வேலைக்குப் போனேன்.

பிறகு நானே பலருக்குப் பழக்கியிருக்கிறேன். இன்று வேலையைச் சீராக்க லீன், கைசன் என்று பெரிய வகுப்பெல்லாம் நடக்கிறது, நல்லதுதான். ஒருவர் திரும்பத் திரும்பத் தப்புச் செய்தால், திட்டுவதற்கு முன்னால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள்.