பௌர்ணமிக்கு லீவு கேட்ட சேகர் அண்ணன்

காலையில் பாபு போன் செய்தார். சேகர் அண்ணனோடு வேங்கிக்காலில் ஒரே வீட்டில் இருந்தவர். "செல்வி, அவரு தூக்கத்துலயே போயிட்டாரும்மா" என்றார். எங்கள் விடுதிச் சமையலறையில் சாம்பார் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. அண்ணன் இருந்திருந்தால் முதலில் அதற்குத்தான் திட்டியிருப்பார்.

எங்கள் விடுதியில் தங்கி அவர் கையால் சாப்பிட்ட உங்களுக்கு அவர் வாயும் தெரியும். காரம் வேண்டாம் என்று சொல்லும் வெளிநாட்டுக்காரரிடம், "அப்ப ஆஸ்பத்திரியில சாப்பிடுப்பா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, காரமில்லாமல் தனியாகச் செய்து கொடுப்பார்.

எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம். ஆண்களுக்குக் கல்யாணமானால் சம்பளத்தை ஏற்றுவார். அண்ணனிடம் தொழில் கற்றவர்கூடத் தாலி கட்டிய மாதமே அண்ணனைத் தாண்டிவிட்டார். "தனி ஆளுக்கு எதுக்கு ஜாஸ்தி?" என்பார் முதலாளி. வரவேற்பில் இருந்த எனக்கோ, "உன் புருஷன்தான் சம்பாதிக்கிறாரே" என்ற பதில்.

ஒருநாள் அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார். "சார், இவளுக்குப் புருஷன் இருக்காருனு கம்மி. எனக்குப் பொண்டாட்டி இல்லனு கம்மி. நான் தனி ஆள் இல்ல சார். பாபுவும் நானும்தான் குடும்பம். தாலிதான் இல்ல."

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். முதலாளி கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"இதெல்லாம் ஏன்யா எங்கிட்ட சொல்ற?"

"நீங்கதான சார் சம்பளத்துக்குக் குடும்பத்தக் கேட்டீங்க?"

"அதெல்லாம் குடும்பத்துல சேராதுப்பா."

"சரிங்க. இந்தப் பௌர்ணமிக்கு லீவு குடுங்க. குடும்பஸ்தங்க எல்லாரும் கிரிவலம் போறாங்க, நாங்களும் போறோம்."

அதுவரை பௌர்ணமி என்றால் அடுப்படி அண்ணன் தலையில்தான். லீவு கிடைத்தது. அந்தப் பௌர்ணமி மாலை முதலாளியே தோசைக்கல் முன் நின்றார். ஒரு தோசைகூட முழுசாகக் கல்லைவிட்டு எழும்பவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணனும் பாபுவும் நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்தார்கள். "ரெண்டு ஸ்பெஷல் தோசைங்க!" என்றார் அண்ணன். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் சம்பளம் ஏறியது.

இறுதிச் சடங்குக்கு முதலாளி வந்திருந்தார். அண்ணனின் கடைசி மாதச் சம்பளத்துக்கு ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் கை நீட்டினார். முதலாளி அவரைத் தாண்டிப் போய் பாபுவின் கையில் கொடுத்தார். "குடும்பத்துக்கிட்டதான் குடுக்கணும்" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த நான் அங்கேதான் உடைந்து அழுதேன்.

இப்போது ஆள் எடுப்பது என் பொறுப்பு. கல்யாணம் ஆகிவிட்டதா என்று நான் யாரையும் கேட்பதில்லை. தோசை சுடத் தெரியுமா என்றுதான் கேட்கிறேன். அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான்.