ஐஸ்பெட்டியின் பந்தய ஷூ

எங்கள் பட்டறையில் அவருக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். பந்தயக் கார்களின் சூட்டைத் தணிப்பது அவர் வேலை. வாய் மட்டும் எப்போதும் கொதிக்கும். வெயில் காலத்தில் வண்டி இழுக்கவில்லை என்று யாராவது வந்து நின்றால், "வெயில்ல நீங்க மட்டும் நல்லா ஓடுவீங்களா? சூடான காத்துல சத்து இல்ல சார், எஞ்சின் அரைப் பட்டினியாக் கெடக்கு" என்பார். பெரிய ரேடியேட்டர், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்று மாட்டி அனுப்புவார். பனிக்கால விடியலில் அதே வண்டி சீறிக்கொண்டு போகும். பெயர் அவருக்கு, காசு முதலாளிக்கு. உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிற எனக்கு இரண்டும் இல்லை.

ஒரு பந்தயமாவது தானே ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. முதலாளி ஒரு பழைய பந்தயக் காரை வாங்கிப் போட்டு, "இதைத் தேத்துங்க, பனிக்காலப் பந்தயத்துல நீங்களே ஓட்டுங்க" என்றார். மனிதர் சோறு தண்ணி மறந்தார். அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இரண்டுக்கும் இடையிலான வெந்நீர்க் குழாய் ஓட்டுபவரின் காலை ஒட்டிப் போகும். அந்தக் குழாயைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினார். குழாயும் பழசுதானே என்றேன். "சூடே ஏறாதப்போ குழாய் ஏன் வெடிக்குது?" என்று என்னையே மடக்கினார். பந்தய ஷூ வாங்கி வீட்டுக்குள் நடந்து பார்த்தாராம். "மாப்பிள்ளை ஜோர், பொண்ணுதான் கிழவியாயிட்டா" என்று சிரித்தாளாம் மனைவி.

பந்தயத்தன்று நல்ல குளிர். முதலாளி தன் மருமகனோடு வந்து இறங்கினார். "மாப்பிள்ளை ஆசைப்படுறாரு. உங்களுக்கும் வயசாச்சு. நீங்க ரேடியோவுல அவர்கிட்ட பேசி சூட்டை மட்டும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மாப்பிள்ளை செருப்போடு வந்திருந்தான். "அண்ணே, ஷூ என் அளவாட்டம் இருக்கே, கழட்டுங்க." கழற்றிக் கொடுத்தார். அவர் வெறுங்காலோடு நிற்க, அவன் தன் படம் போட்ட பலகையைக் காரின் மூக்கில் மாட்டினான். காற்று நுழையும் வாயே அதுதான். "தம்பி, அந்தப் பலகை..." என்று ஆரம்பித்தார். "கை வைக்காதீங்க, கிரீஸ் ஒட்டும். உங்க வேலையப் பாருங்க."

அவர் ரேடியோவை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

குளிர் அந்தக் குறையை மறைத்தது. வண்டி முதல் சில சுற்றுகள் பறந்தது. பிறகு ரேடியோவில் மாப்பிள்ளை, "அண்ணே, சூட்டு ஊசி ஏறுதே, நிறுத்தவா?" என்றான்.

ஐஸ்பெட்டி தன் பாதங்களைப் பார்த்தார். "குளிருதுல்ல, பயப்படாம ஓட்டுங்க" என்றார்.

குழாய் வெடித்து வெந்நீர் அவன் கால்களில் கொட்டியது. ஷூவைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆனால் அந்த அலறலைக் கேட்டபோது ஐஸ்பெட்டி முகத்தில் ஒன்றுமே இல்லை. பழி பலகையின் மேல் விழுந்தது. பலகை அவனுடையது.

முதலாளியின் மகள் ஷூவைப் பையில் போட்டு, "உங்களோடதாமே" என்று ஐஸ்பெட்டியிடம் கொடுத்தாள். அதைத் தைத்து வாங்கிக்கொண்டார். அடுத்த பனிக்காலத்தில் முதலாளி, "இனி நீங்கதான்" என்றார். இந்த முறை குழாயையும் மாற்றியிருந்தார். தைத்த ஷூவோடு உட்கார்ந்து, எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். எனக்கே கண் கலங்கியது.

அப்போது ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மாப்பிள்ளை வந்தான். என் கையிலிருந்த ரேடியோவை வாங்கினான். மெதுவாகத்தான் பேசினான்.

"அண்ணே, குளிருதுல்ல, பயப்படாம ஓட்டுங்க."

அடுத்த சுற்றில் வண்டி உள்ளே வந்து நின்றது. ஐஸ்பெட்டி இறங்கி ஓடிப்போய் காரின் மூக்கைத் தடவினார். எதுவும் மறைக்கவில்லை. ஊசியும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

"என்னய்யா ஆச்சு? ஏறி ஓட்டுய்யா!" என்று கத்தினார் முதலாளி.

அவர் ஏறவில்லை. தரையில் உட்கார்ந்து அவசர அவசரமாக ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.