சும்மா விட்டா என்ன ஆகும்

என் அக்கா பகலில் ஒரு பல் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். வீட்டுக்கு வந்ததும் இஸ்திரி மேசைமேல் லேப்டாப்பை விரித்து, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் ஒரு நிரல்மொழிக்குக் காவல் உட்காருவாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, பிரித்து, திருத்திக்கொள்ளும் மொழி அது. அக்காவையும் சேர்த்துப் பொறுப்பாளர்கள் மூன்று பேர். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் அதில் எதுவும் மாறும். மற்ற இருவரும் எங்களுக்கு வெறும் குரல்கள். எல்லாமே நேற்றே முடிந்திருக்க வேண்டும் என்று மூக்கால் பேசுகிறவருக்கு நான் வைத்த பெயர் அவசரம். எதற்கும் "பார்க்கலாம்" என்று இழுப்பவர், பார்க்கலாம். இருவர் குரலிலும் பேசிக் காட்டுவேன். அக்கா சிரிக்காத மாதிரி திரும்பிக்கொள்வாள்.

அவள் வேலையில் பாதி ஒரே சொல்லில் அடங்கும்: சும்மா. நிரல் எழுதுகிறவர் எதுவும் குறிப்பிடாமல் சும்மா விட்டால், மொழி தானாக என்ன செய்யும்? உதாரணமாக, ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால் அக்காவின் மொழி நின்றுவிடும். "இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அழிக்கணும்னா வாயைத் திறந்து சொல்லு" என்று திரையில் வரும். எழுதியது அக்கா, அச்சு அசல் அவள் வாய்.

அவசரத்துக்கு இது பொறுக்கவில்லை. பெரிய நிறுவனம் ஒன்று மொழியை எடுத்துக்கொள்ளத் தயாராம். இந்த நிற்றல்தான் முட்டுக்கட்டையாம். கேட்காமல் அழித்து எழுதட்டும், பயந்தவர்கள் செட்டிங்கை மாற்றிக்கொள்ளட்டும் என்றார். போதாக்குறைக்கு, வாசகத்தில் மரியாதையும் இல்லையாம். அக்கா முடியாது என்றாள். வாரக்கணக்கில் அதையே சொன்னாள்.

அம்மா நொந்துபோனாள். "முகம் தெரியாதவங்களோட எதுக்குடி இந்த மல்லுக்கட்டு?"

"முகம் தெரியாதவங்களுக்காகத்தாம்மா."

முடிவெடுக்கும் கூட்டத்தை அவசரம் ஒரு புது ஆப்பில் கூட்டினார். அக்கா உள்ளே நுழைந்து காத்திருக்க, நான் பின்னால் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் நேத்தே முடிஞ்சிருக்கணும் மேடம்" என்றேன். மைக் திறந்திருந்தது.

"யாருங்க அது? மைக்கை யார் திறந்தது?" அசல் மூக்கு.

"யாரும் திறக்கல சார். பேசினது என் தம்பி. நீங்க கொண்டுவந்த ஆப், சும்மா விட்டாலே திறந்துதான் கிடக்கு. வேணாம்னா நாங்கதான் மாத்திக்கணுமாம்."

பார்க்கலாம் இருமினார். அது இருமல் இல்லை, எனக்கா தெரியாது. அக்கா நிறுத்தவில்லை.

"உங்களுக்குக் கொஞ்சம் மானம் போச்சு, அவ்வளவுதான். நம்ம மொழியில ஒருத்தரோட பல வருஷ வேலையே போகும். செட்டிங் மாத்தத் தெரிஞ்சவங்களுக்கு எது இருந்தாலும் ஒண்ணுதான். தெரியாதவங்களுக்கு இந்தச் சும்மாவை விட்டா வேற என்ன சார் இருக்கு?"

அப்படியானால் மொழியைப் பிரதி எடுத்துக்கொண்டு தனிக்கடை போடுவேன், நிறுவனமும் என் பின்னால்தான் வரும் என்றார் அவசரம்.

"தாராளமா. பூட்டு போட்டா வெச்சிருக்கோம்? மொழியோட பேரை மட்டும் இங்கேயே வெச்சுட்டுப் போங்க."

பார்க்கலாம் தொண்டையைச் செருமினார். வழக்கமான இழுவைக்கு நான் வாயைத் தயாராகக் குவித்திருந்தேன். "நான் இங்கேயே இருக்கேன்" என்றார். இதை எந்தக் குரலில் பேசிக் காட்டுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

அவசரம் போனார். நிறுவனமும் போனது, பின்னாலேயே மொழியைப் பயன்படுத்தியவர்களில் பாதிப் பேரும். அடுத்த பதிப்பில் அக்கா செய்தது ஒரே மாற்றம். மொழி இப்போதும் அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால், "வாயைத் திறந்து சொல்லுங்க" என்கிறது.