இல்லாத சுவருக்கு முன்னால் கெண்டைகள்

தடுப்பணையில் மீன் ஏறுவதற்கென்று வரைபடத்தில் ஒரு திறப்பு இருந்தது. அதை அடைக்கச் சொன்னவன் நான். அந்த வேலைக்கு நான்தான் பொறியாளர். அணைக்கு மேற்புறம் என் மச்சானுக்குத் தோட்டம் இருந்தது. திறப்பு வழியே தண்ணீர் போனால் தன் கிணறு ஊறாது என்று ஒரு விருந்தில் பக்கத்து இலையிலிருந்து சொன்னார். மறுவாரம் அதில் சிமெண்டு நிரம்பியது. பதிவேட்டில் 'கசிவு சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த மழைக்கு, ஓடைக்கரையில் குடியிருந்த ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். புதுவெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறி முட்டையிடும் கெண்டைகளை அந்த ஊரில் முதல் மூன்று நாள் யாரும் பிடிப்பதில்லை. பிள்ளைத்தாய்ச்சியை வழிமறிப்பதற்குச் சமம் என்பார்கள்.

"சாமி, சினை மீனெல்லாம் செவுத்துல முட்டுதுங்க. ஊட்டுக்குள்ள படுத்தாலும் சத்தங் கேக்குது."

"முட்டட்டும் அம்மணி. மண்ட ஒடஞ்சா கொழம்பு வெச்சுக்க" என்றேன். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து அந்த அணையை இடித்துவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் ஓடையில் தண்ணீரே வரவில்லை. இந்த ஆண்டு வெள்ளம் வந்ததாகக் கேள்விப்பட்டதும், அஸ்தம்பட்டியிலிருந்து விடிகாலைப் பேருந்தில் போய்ப் புதுச்சத்திரத்தில் இறங்கி நடந்தேன். ஒரு மீனாவது ஏறுவதைச் சாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

சுவர் இருந்த இடத்தில் ஓடை தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு முழம் கீழே கெண்டைகள் கரைக்குக் கரை வரிசையாக நின்றன. வால் மட்டும் அசைந்தது. ஒன்று எம்பியது, வெறும் காற்றில் எதன்மீதோ மோதியதுபோல் புரண்டு விழுந்தது. அந்தச் சுவரைப் பார்த்திருக்கும் வயது அவற்றில் எதற்கும் இல்லை.

அதே பெண், நரைத்துப்போய், கரையில் உட்கார்ந்திருந்தார்.

"விடிஞ்சதுலருந்து இப்பிடியேதான் நிக்குதுங்க. மத்தியானத்துல வெள்ளம் வடிஞ்சிரும். அதுக்குள்ள ஏறலீன்னா முட்டையெல்லாம் வீணுங்க."

"அந்த வழிய அடைக்கச் சொன்னது நாந்தான் அம்மணி. கசிவுன்னு பொய் எழுதுனேன்."

"தெரியுமுங்க. சிமெண்டுச் சட்டி சுமந்து கொட்டுனவ நானு. அன்னைக்கு ஆபீசுக்கு வந்ததே அந்தப் பாவம் புடிச்சிருமோங்கற பயத்துலதானுங்க."

அவர் புடவையைத் தூக்கிச் செருகி நீரில் இறங்கினார். மீன்களுக்கு வழிகாட்டுவதுபோல, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி மேலே நடந்தார். திரும்பி வந்து மறுபடி நடந்தார். வேட்டியை மடித்துக் கட்டி நானும் பின்னால் போனேன். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் கை தானாக முன்னால் நீண்டு தடவிப் பார்த்தது.

தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கும்வரை நடந்தோம். ஒரு கெண்டைகூட எங்களோடு வரவில்லை.