முதலில் சொன்னவன்

தேநீர்க் கடைகளில் பிஸ்கட் போட்டு வைக்கும் அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தலைக் கண்டால் எங்கள் பௌதிக ஆசிரியரின் நினைவு வருகிறது. கூடவே எரிச்சலும் வருகிறது. ஆய்வுகூடச் சாமான்கள் உடைந்துவிடும் என்று அவற்றை அலுமாரியில் பூட்டி, திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விஞ்ஞானம் படிப்பித்த மகான் அவர். அவர் சொல்வதை எழுதி, பரீட்சையில் அப்படியே ஒப்புவிக்க வேண்டும். எங்களுக்குள் கதைத்தால், "சந்தையில போய்க் கதையுங்கோ" என்பார்.

ஒரு பள்ளித் தவணையில் கேள்வியொன்று தந்தார். சிறு குளத்தில் கல்லேற்றிய தோணி மிதக்கிறது. கற்களைத் தண்ணீருக்குள் போட்டால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? விளக்கி எழுதாதவனுக்கு விஞ்ஞான வகுப்பில் இடமில்லை என்றார். கிண்ணியாவிலிருந்து வரும் நண்பன், லிங்கநகரிலிருந்து வரும் நண்பன், நான் என்று துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்த மூவரும், ஏறும் என்று அடித்துச் சொன்னோம். பிறகு தேநீர்க் கடைக்காரரிடம் வெறும் பிஸ்கட் போத்தலொன்றைக் கெஞ்சி வாங்கி, தண்ணீர் நிரப்பி, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைத் தேங்காய்ச் சிரட்டையில் ஏற்றி மிதக்கவிட்டோம். குண்டுகளை எடுத்து உள்ளே போட்டதும் தண்ணீர் இறங்கியது. நம்பாமல் மறுபடியும் செய்தோம்.

"சிரட்டைக்குள்ள இருக்கேக்க அதின்ர பாரத்துக்குத் தண்ணி விலகுது" என்றான் ஒருவன். "அடியில கிடந்தா பருமனுக்கு மட்டும்தானே விலகும், அது குறைவு" என்றான் மற்றவன். கல்லும் அப்படித்தான் என்று முடித்தது நானா, அவர்களா, தெரியாது. அன்று எங்களுக்கு இருந்த சந்தோசம் கொஞ்சமல்ல.

மூன்று தாளிலும் ஒரே விளக்கம் இருந்தது. ஆசிரியர் எங்களை எழுப்பி, "ஆர் முதல்ல சொன்னது? மற்ற ரெண்டு பேரும் கள்ளர்" என்றார்.

"ஒருத்தரும் முதல்ல சொல்லேல்ல சேர். கதைச்சுக் கதைச்சுத்தான் விளங்கினது" என்றான் கிண்ணியா நண்பன்.

வாய்காட்டியதாக அவனைக் கலைப்பிரிவுக்கு அனுப்பிவிட்டார். எஞ்சினியராக வேண்டும் என்று ஆசைப்பட்டவன், கடைசியில் சீனன்குடாவில் கிளாக்கரானான். மனிதரின் மூளைகளையும் பூட்டிய அலுமாரிகள் என்றே நினைத்த ஒருவரிடம் அவன் தலைவிதி இருந்தது.

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் ஆசிரியரைக் கண்டேன். தலை பஞ்சாகியிருந்தது. என்னை அடையாளம் கண்டு, பக்கத்துக் கதிரையில் இருத்தி, "இப்பவாவது சொல்லும், ஆர் முதல்ல சொன்னது?" என்று சிரித்தார். இத்தனை காலமும் கள்ளரைத்தான் தேடியிருக்கிறார். தண்ணீர் இறங்கியது ஏன் என்று ஒரு தரமும் கேட்கவில்லை.